ஆயாக் கொட்டகை ரேடியோவும் டின்பாலும்

“வணக்கம் சகோதரிகளே” என்று ஒரு பெண்குரல் சொல்லும். அண்ணி அந்த நேரத்தில் யார் வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தாலும் அதன் கையையும் சேர்த்துக் குவித்து, “வணக்கம்மா” என்று பதில் சொல்வார். ரேடியோவுக்குத் திருப்பி வணக்கம் வைத்த ஆளை என் ஆயுளில் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். தோல் உறை போட்ட சின்ன டிரான்சிஸ்டர் அது. ஆயாக் கொட்டகையின் ஜன்னல் கட்டையில், பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில் இருக்கும். மூடுபனி இறங்குகிற நாள்களில் குரல் கரகரக்கும். அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அந்த இடத்தில், ஒரு காலைத் தூக்கியபடி இருந்தாலும் சரி, அப்படியே நின்றுவிடுவார். என் முதல் பிரசவத்துக்கு முந்தின வாரங்களில் மலை ஏற முடியாமல் கொட்டகையில் அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தபோது தினமும் பார்த்த காட்சி இது. சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டிருக்கிறேன்.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்காள். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்கு அவர்தான் ஆயா. அவர் புருஷன் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போகும் லோரி ஓட்டுபவர். அந்த ரேடியோ அவர் வாங்கி வந்தது. வீட்டில் இல்லாத நாள்களுக்கு ஈடாகக் கொடுத்தார் என்று லயத்து வரிசை வீடுகளில் கிண்டல் செய்வார்கள். அண்ணிக்கு அதெல்லாம் உறைக்காது. எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு வெளியுலகம் என்பதே அந்தப் பெட்டிதான்.

பெண்களுக்கான அந்த நிகழ்ச்சி காலை பத்து மணிக்கு வரும். அந்த நேரத்தில் அதை வைத்த புண்ணியவான் யாரோ, எந்தத் தோட்டத்தையும் வாழ்நாளில் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். பத்து மணிக்கு நாங்கள் அத்தனை பேரும் இடுப்பில் சுற்றிய படங்குத் துணியும் முதுகில் கூடையுமாக மலைச்சரிவில் அல்லவா நிற்போம்? அதனால் எங்களுக்காகவும் சேர்த்து அண்ணி கேட்டு வைப்பார். சாயங்காலம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்க வருகிறவள், பிள்ளை அழுததா தூங்கியதா என்று கேட்பதற்கு முன், “ஆயா, இன்னிக்கு ரேடியோவுல என்னா சொன்னாங்க?” என்றுதான் கேட்பாள். அண்ணி படியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். எங்கள் லயத்துக்கு அவர்தான் செய்தி, அவர்தான் வைத்தியக் குறிப்பு.

குறிப்புகளின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். வாரம் தவறாமல் முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்வார்கள். காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரில் முருங்கைக்கு நாங்கள் எங்கே போவது? திரிங்காப் பக்கம் மலை மலையாக விளைகிற கோஸையும் கேரட்டையும் பற்றி ஒரு வார்த்தை வராது. அண்ணி புருஷன் ஒருமுறை கீழே தாப்பாவிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்தார். மேலே வருவதற்குள் பாதி உதிர்ந்துவிட்டது. மீதியை அண்ணி லயம் முழுக்கப் பிரசாதம் மாதிரி பங்கிட்டுக் கொடுத்தார்.

அவர் சொல்லும் வரிசை இப்படி இருக்கும்: “முட்டை நல்லதாம். நெத்திலி எலும்புக்கு நல்லதாம். பூசணி கண்ணுக்கு நல்லதாம். டின்பாலு குடுத்தா புள்ளை கொழுகொழுன்னு வருமாம்.” எல்லாம் ஒரே மூச்சில். அவர் காதில் அப்படித்தான் விழுந்தது. முட்டையைப் பற்றிச் சொன்ன அதே குரல்தான், அதே கனிவோடு, டின்பாலைப் பற்றியும் சொன்னது. தேத்தண்ணியில் கலக்கும் சீனிப்பால்தான். அதைச் சுடுதண்ணியில் கரைத்து, துணி நனைத்தோ புட்டியிலோ குழந்தைகளுக்கு ஊட்டுவது கொட்டகையில் வழக்கமாகியிருந்தது. அண்ணி சோம்பேறித்தனத்தால் செய்தார் என்று யாராவது சொன்னால் அவர்களோடு நான் இன்றும் சண்டைக்குப் போவேன். ரேடியோ அம்மா நல்லது என்று சொன்னார், பிள்ளைகளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று இவர் செய்தார்.

என் மகள் பிறந்து, கொடுத்த லீவும் முடிந்து, நான் மறுபடி கூடையைத் தூக்கினேன். பத்து மணி ஆனால் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். ரவிக்கை நனைந்து படங்கு வரை ஈரம் இறங்கும். கை பாட்டுக்குக் கொழுந்து கிள்ளும், மனசு கீழே கொட்டகையில் கிடக்கும். கொஞ்சம் இறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கங்காணியிடம் கேட்டேன். “மத்தியானம் எறங்கத்தானே போறீங்க? ஒருத்திய விட்டா அத்தனை பேரும் எறங்குவீங்க. கொழுந்து முத்திரும் லா” என்றார். வேறு வழியில்லாமல் செடி மறைவில் குனிந்து பாலைத் தேயிலை வேரில் பீய்ச்சிவிட்டு நிமிர்வேன். மதியம் ஓடி வந்து மகளை மடியில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டின்பாலின் தித்திப்புக்கு நாக்கு பழகிவிட்டது. பெற்ற பிள்ளை நம்மிடம் குடிக்க மாட்டேன் என்று திரும்பிக்கொள்வதை எந்தத் தாயும் மறக்க மாட்டாள். “அழுவாத புள்ள, பாரு, எப்படி உப்பிக் கெடக்கான்னு” என்று அண்ணி என் மகளின் தொடையைக் கிள்ளிக் காட்டுவார். உப்பித்தான் இருந்தாள். டின்னில் ஒட்டியிருந்த படத்துக் குழந்தை தோற்றுப்போகும்.

அந்த உப்பல் எல்லாம் ஒரு வயிற்றுப்போக்கில் வடிந்துவிட்டது. கண் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளமாகி, அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தாள். தோட்டத்து வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு மேலே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வளைவுக்கு வளைவு அவள் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். ஏன் அதைக் கொடுத்தீர்கள் என்றார். “ரேடியோவுல சொன்னாங்க டாக்டர்” என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மலாய்க்கார நர்ஸ், தெரிந்த தமிழில், “சுசு மானிஸ், சீனிப்பாலு, தேத்தண்ணிக்கு லா. பேபிக்கு இல்ல” என்றாள். மகள் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் பால்மாவு கொடுத்து, அது தீர்வதற்குள் மறுபடி தாய்ப்பாலுக்குப் பழக்கிவிட வேண்டும், இன்னொரு தடவை இப்படி வந்தால் உடம்பு தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். பழக்குவதற்குப் பிள்ளை என் பக்கத்தில் இருக்க வேண்டுமே!

திரும்பி வந்ததும் அண்ணியோடு எனக்குப் பெரிய சண்டை. “இனிமே என் புள்ளைக்கு டின்பாலு ஊத்தாதீங்கண்ணி” என்றேன். “ரேடியோவுல பொய் சொல்லுவாங்களா?” என்று அவர் கத்தினார். “நீ மலையில நிக்கறப்ப அவளுக்கு நான் என்னாத்த குடுக்கறது? பச்சத் தண்ணியவா?” என்றும் கேட்டார். சில நாள்கள் பேச்சுவார்த்தை இல்லை. மகளை வாசலில் வைத்து அவர் கையில் கொடுப்பேன், அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். ஆஸ்பத்திரி மாவை மட்டும் சொன்னபடி கொதிக்கவைத்த தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் ஊட்டினார் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “தங்கச்சி, அந்த ரேடியோவுல நடுவுல ஒரு மணி அடிக்குதுல்ல, கிணிங்னு? அது எதுக்குன்னு உங்கண்ணன கேட்டேன். அதுக்கப்பறம் பேசறது வெளம்பரமாம். அந்தப் பால் கம்பெனிக்காரன் சொல்லச் சொல்றதாம். மணிக்கு முன்னால ஒரு கணக்கு, பின்னால ஒரு கணக்காம்” என்றார். முகம் வெளிறியிருந்தது. “ரெண்டையும் ஒரே அம்மாதானே பேசறாங்க? நான் எப்படி கண்டேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. போய், வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் ரேடியோக்காரர்களே எங்கள் தோட்டத்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஏகப் பெருமை. ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி ஓடியாடி ஏற்பாடு செய்தார். கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், தொட்டில் துணியெல்லாம் புதுசாக மாற்றினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்கினார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி நாங்கள் நினைத்ததில் பாதிதான் இருந்தாள். ஒல்லியாக, கிராணி மனைவியின் ஸ்வெட்டரைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு நடுங்கினாள். அண்ணி முதல் தடவையாக அவள் முகத்துக்கு நேராக வணக்கம் வைத்தார்.

அண்ணியைத் தாலாட்டுப் பாடச் சொன்னார்கள். பாடினார். நன்றாகவே பாடினார். மைக்கை எடுப்பதற்குள், அதைக் கையோடு பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

“ரேடியோம்மா, நீங்க சொல்றத கேட்டுத்தான் இந்தப் புள்ளைங்களுக்கு நான் டின்பாலு ஊத்துனேன். என் தம்பி மக சாவக் கெடந்து பொழச்சா. மணி அடிச்சப்பறம் பேசறது யாவாரம்னு எனக்குத் தெரியாது. உங்க குரல்தானேன்னு நம்பிட்டேன். என்ன மாதிரி எத்தன ஆயாங்க நம்பியிருப்பாங்க! இப்ப அதே வாயால சொல்லுங்கம்மா, டின்பாலு கைப்புள்ளைக்கு இல்லன்னு. மலைமேல நிக்கற தாய்ங்கள பத்து மணிக்கு எறங்க விடுங்கன்னும் சொல்லுங்க. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க.”

கிராணி “போதும் ஆயா, போதும்” என்று குறுக்கே வந்தார். அந்தப் பெண் மைக்கை இழுக்கவில்லை. அண்ணி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, “எழுதிக் குடுக்கறதத்தான்க்கா நான் படிக்கிறேன். ஆனா நீங்க சொன்னது டேப்புல இருக்கு” என்றாள். போகும்போது தொட்டிலில் கிடந்த என் மகளைக் குனிந்து பார்த்தாள்.

டேப்பில் இருக்கிறதே, அது போதும் என்று நாங்கள் காத்திருந்தோம். நிகழ்ச்சி வந்த நாளில் ஓர் அதிசயம் நடந்தது. துரை எல்லாப் பெண்களையும் பத்து மணிக்கு இறங்கி வந்து கேட்கச் சொல்லிவிட்டார். பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கேட்டபோது முத்திவிடுவதாகச் சொன்ன கொழுந்து, ரேடியோ கேட்பதற்காக அரை மணி நேரம் முத்தாமல் பொறுத்துக்கொண்டது. கொட்டகைக்குள் இடமில்லாமல் வாசல் வரை உட்கார்ந்தோம். கைப்பிள்ளைக்காரிகள் சும்மா இருப்போமா? அவரவர் பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டோம். என் மகள் வழக்கம்போல முகத்தைத் திருப்பினாள், சிணுங்கினாள், காலால் உதைத்தாள். அண்ணியின் தாலாட்டு ரேடியோவில் வந்தது. அந்தக் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதைக் கேட்டுத் திகைத்ததோ, பசியோ, எனக்குத் தெரியாது; சட்டென்று வாய் வைத்து இழுக்க ஆரம்பித்தாள். எனக்குக் கண் மறைத்துவிட்டது.

பாட்டு முடிந்தது. “தோட்ட நிர்வாகத்தின் அன்பான ஏற்பாட்டில், தாய்மார்கள் பத்து மணிக்கு வேலையிலிருந்து இறங்கி வந்து இந்நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்” என்று கிராணி சொல்லிக்கொடுத்திருந்த வாசகம் வந்தது. அடுத்து அண்ணியின் பேச்சு என்று எல்லோரும் முன்னால் நகர்ந்தோம். கிணிங் என்று மணி அடித்தது. உங்கள் செல்லக் குழந்தை கொழுகொழுவென்று வளர, என்று அதே குரல் ஆரம்பித்தது.

அண்ணி எழுந்து போய் ரேடியோவை அணைத்தார். பிள்ளைகள் குடிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார், மடியில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தார். “பத்து மணிக்கு எறங்கி வந்து கேக்கறாங்கன்னு ரேடியோவுலயே சொல்லிட்டாங்க. நாளைக்கு வராம விட்டீங்கன்னா ரேடியோ பொய் சொன்ன மாதிரி ஆயிரும் லா. கைப்புள்ளைக்காரிங்க எல்லாம் வந்துருங்க” என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு மலையடிவாரத்திலிருந்து நிகழ்ச்சியின் இசை முழுச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்டது. கூடையை இறக்கி வைத்தேன். “எங்க போறீங்க?” என்றார் கங்காணி. “ரேடியோ கேக்க, கங்காணி” என்றேன். அவர் கிராணியிடம் போனார், கிராணி துரையிடம் போனார். ஊரெல்லாம் கேட்டுப் பாராட்டிய பெருமையை ஒரே நாளில் வாபஸ் வாங்க துரைக்கு மனம் வரவில்லை. சரி, கேட்கட்டும் என்று விட்டுவிட்டார். இடையிடையே நிறுத்தப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்த இசை கேட்டதும் நாங்கள் இறங்கினோம். ஒருவரும் நிகழ்ச்சியைக் கேட்டதில்லை. இசை முடிந்ததும் அண்ணி சத்தத்தைக் குறைத்துவிடுவார். சில மாதங்கள் கழித்து டின்பால் விளம்பரத்துக்கு வேறு ஒரு குரல் வந்தது. ஸ்வெட்டர் போட்ட அந்தப் பெண் மாட்டேன் என்று சொன்னாளா, அவளையே மாற்றிவிட்டார்களா, எங்களுக்குத் தெரியவில்லை.

இன்று ஈப்போவில் என் பேத்தி கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பெண் சிரித்த முகத்தோடு குழந்தைக்கு என்னென்ன சத்து வேண்டும் என்று விளக்குகிறாள். நல்ல விஷயமாகத்தான் சொல்கிறாள். சொல்லிக்கொண்டே வந்து, எங்கே முடிந்தது எங்கே ஆரம்பித்தது என்று தெரியாமல் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டுகிறாள். நடுவில் ஒரு மணிகூட இல்லை. “இது விளம்பரமா?” என்று கேட்டால், “இல்ல பாட்டி, அவங்க அனுபவத்த சொல்றாங்க” என்கிறாள் பேத்தி. என்னால் உட்கார முடிவதில்லை. எழுந்து சமையலறைக்குப் போகிறேன், ஜன்னல் வரை போகிறேன், திரும்பி வருகிறேன். என்ன ஆச்சு பாட்டி என்கிறாள். எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது?

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். என் மகள் அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். ரிங்லெட்டில் வாங்கி வந்த தமிழ்ப் பத்திரிகையில் குழந்தை உணவைப் பற்றிப் பெரிய கட்டுரை வந்திருந்தது. கொட்டகைப் படியில் உட்கார்ந்து அண்ணிக்கு அதை வாசித்துக் காட்டினாள். முட்டை, கீரை என்று போய், டின்பாலைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, அதில் குழந்தைக்கு வேண்டிய சத்து இல்லை, உயிருக்கே ஆபத்து என்று வந்தது. “பாத்தீங்களாண்ணி, நீங்க அன்னிக்கே சொன்னத இப்பதான் போடறான்” என்றேன் நான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அண்ணி சிரிக்கவில்லை. “அந்த எடத்த இன்னொருக்கா படி தாயி” என்றார். மகள் படித்தாள். அண்ணி தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, பக்கத்து லயத்தில் இருந்த ஓர் அக்காளின் பேரைச் சொன்னார். “அவளுக்கு மொத ஒரு ஆம்பளப் புள்ளை இருந்தான். நீ அப்ப கல்யாணங் கட்டி வரல. வயித்தால போயித்தான் செத்தான். தெய்வக் குத்தம்னு சொன்னாங்க, கெடா வெட்டுனாங்க. எங்கையாலதான் ஊத்துனேன், தங்கச்சி. நல்லா சிரிச்சிக்கிட்டே குடிப்பான்” என்றார். ரேடியோவில் மணி எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவருக்கு இது தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் ஒருவரிடமும் சொல்லாமல் அந்தப் பிள்ளையின் தாயோடு தினமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். “அவகிட்ட இத படிச்சுக் காட்டணுமா, வேணாமா? நீ சொல்லு” என்று என்னைக் கேட்டார். நான் மகளிடமிருந்து பத்திரிகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அந்த அக்காள் தன் கடைசிப் பிள்ளையைத் தூக்கிப்போக வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே, “ஆயா, இன்னிக்கு என்னா சொன்னாங்க?” என்று கேட்டாள். அண்ணி என்னைப் பார்த்தார். பத்திரிகை என் மடியில் கிடந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “முட்டை நல்லதாம்” என்றார். “கீரை நல்லதாம்.” அதோடு நிறுத்திக்கொண்டு, குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி அவளிடம் கொடுத்தார்.